துணியில் தொங்குகிறதா நம் விசுவாசம்?

சில ஆண்டுகளுக்கு முன் எம் பங்கில் மூன்று நாள் தவக்காலத் தியானம் நடைபெற்றது. தியானம் கொடுக்க வந்த போதகர், ஆலய மண்டபத்தின் குறுக்கே பதினான்கு அடி நீளமுள்ள படமொன்றைத் தொங்கவிட்டிருந்தார். அறையுண்டு இறந்த மனிதர் ஒருவரின் முன்னுருவமும் பின்னுருவமும் தலையோடு தலை பொருந்தி மங்கலாய்த் தெரிந்தன. "இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் இருக்கும் திருச்சீலை இது. ஆண்டவரின் உடலைப் பொதிந்த அதே துணி. உயிர்ப்பின் ஒளி இதில் உருவத்தைப் பதித்துவிட்டது. அறிவியல் இதை நிரூபித்துவிட்டது. இனி எவனும் உயிர்ப்பை மறுக்க முடியாது!" என்று அவர் முழங்கினார். மக்கள் அழுதனர். முன்வரிசையில் அமர்ந்திருந்த நானும் கண் கலங்கினேன். அவரை அழைத்தவனும் நான்தான். அதற்கு முன் பல பெரிய வெள்ளிக்கிழமைகளில், ஏறக்குறைய அதே சொற்களை நானும் மறையுரையில் சொல்லியிருக்கிறேன்.

எட்டு மாதங்கள் கழிந்தன. கல்லூரியில் வேதியியல் பயிலும் இளைஞன் ஒருவன் பங்கு இல்லத்துக்கு வந்தான். பீடச் சிறுவனாய் என்னோடு வளர்ந்தவன். "ஃபாதர், அந்தத் துணி பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று மூன்று ஆய்வகங்கள் சொல்லியிருக்கின்றனவாமே. உங்களுக்குத் தெரியாதா?" என்றான். தெரியும் என்றேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தெரிந்திருந்தும் அன்று மேடையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே. அப்படியானால் பலிபீடத்தில் சொல்வதை மட்டும் நான் எப்படி நம்புவது?" என்றான்.

அன்று அவனுக்கு நான் தக்க மறுமொழி சொல்லவில்லை. இக்கட்டுரை அவனுக்கான மறுமொழி. அவனைப் போன்றோரை உருவாக்கிக்கொண்டிருக்கும் போதகர்களுக்கும், என் உடன் குருக்களுக்கும், எனக்குமான கண்டனமும் இதுவே. திருச்சீலையின் மெய்ம்மையை ஐயுறுவது விசுவாசக் குறைவு அன்று. ஐயத்துக்கு இடமுள்ளதை ஐயத்துக்கு இடமற்றதாகப் போதிப்பதே விசுவாசத்துக்கு எதிரான குற்றம்.

முதலில் ஐயுற்றவர் யார்?

திருச்சீலையைப் பற்றிக் கேள்வி எழுப்புவோரெல்லாம் நாத்திகர், அல்லது பிரிந்த சபையார் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. வரலாற்றை அறியாததால் வந்த எண்ணம் அது. அத்துணியை முதன்முதலில் ஐயுற்றவர்கள் கத்தோலிக்க ஆயர்கள்.

இன்று தூரினில் உள்ள துணிக்கு ஐயமற்ற வரலாறு தொடங்குவது பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். பிரான்சு நாட்டில் துருவா மறைமாவட்டத்தில் லிரே என்றொரு சிற்றூர். அவ்வூரில் ஜெஃப்ருவா தெ ஷார்னி என்னும் போர்வீரப் பிரபு 1353-ஆம் ஆண்டு ஓர் ஆலயத்தை நிறுவினார். 1356-இல் அவர் போர்க்களத்தில் மாண்டார். அந்த ஆலயத்தில்தான் துணி மக்களுக்குக் காட்டப்பட்டது, திருப்பயணிகள் திரண்டனர், காணிக்கை குவிந்தது.

1389-இல் துருவாவின் ஆயர் பியர் தார்சி நீண்ட முறையீடு ஒன்றை வரைந்தார். தமக்கு முன்னிருந்த ஆயர் ஹென்றி இதனை விசாரித்தார் என்றும், ஆண்டவரின் உருவம் துணியில் பதிந்திருந்தால் நற்செய்தியாளர்கள் அதைச் சொல்லாமல் விட்டிருக்க மாட்டார்கள் என இறையியலார் கூறினர் என்றும், அதைத் தீட்டிய ஓவியனே உண்மையை ஒப்புக்கொண்டான் என்றும் அதில் எழுதினார். குணம் பெற்றதாக நடிக்க ஆட்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர் என்ற குற்றச்சாட்டும் அதில் உண்டு. ஆயர் ஹென்றியின் விசாரணைக்கு வேறு ஆவணம் கிடைக்கவில்லை என்று திருச்சீலையின் ஆதரவாளர் சொல்வர். அது நியாயமான மறுப்பே. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அவிஞ்ஞோனிலிருந்து திருத்தந்தைப் பதவிக்கு உரிமை கோரியவரும், பிரான்சு நாட்டால் ஏற்கப்பட்டிருந்தவருமான ஏழாம் கிளமெண்ட், 1390-இல் ஆணை பிறப்பித்தார். ஆயர் இனி இதுபற்றிப் பேசலாகாது என்று அவர் வாயை அடைத்தார். எனினும் துணியைக் காட்டும்போது, கூட்டம் மிகுந்திருக்கும் வேளையில், இது ஆண்டவரின் உண்மையான சவச்சீலை அன்று, அதன் சாயலே என்று உரத்த குரலில் அறிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். துணியைக் காட்ட இசைந்தவரே இப்படிக் கட்டளையிட்டார் என்பதை மறந்துவிடலாகாது.

ஆயர் தார்சி ஒருவரது பகைமையால் எழுந்த புகார் இது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அந்த வாதமும் இப்போது வலுவிழந்துவிட்டது. நிக்கோல் ஒரேம் என்பவர் அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர்களுள் ஒருவர். பின்னாளில் லிசியு நகர ஆயராகவும் ஆனவர். அவர் எழுதிய நூலொன்றில், காணிக்கைக்காக மக்களை ஏய்க்கும் குருக்களுக்கு எடுத்துக்காட்டாக, ஆண்டவரின் சவச்சீலை உள்ளதாகச் சொல்லப்பட்ட ஷாம்பாஞ் பகுதி ஆலயம் ஒன்றைக் குறிப்பிட்டிருப்பது 2025-இல் வெளிவந்த ஆய்வொன்றால் பலரும் அறியலாயிற்று. அவர் இதை எழுதியது தார்சியின் முறையீட்டுக்கு முன்னரே. 1382-இல் அவர் மறைந்துவிட்டார்.

துணி 1453-இல் சவோய் அரச குடும்பத்தின் கைக்கு வந்தது. 1532-இல் ஷாம்பெரி நகரத் தீ விபத்தில் சிக்கித் தப்பியது. 1578-இல் தூரினை அடைந்தது. 1898-இல் செக்கோந்தோ பியா என்ற வழக்கறிஞர் அதனை நிழற்படம் எடுத்தார். அந்நாளின் கண்ணாடித் தகட்டில், எதிர்மறையாகத் தெரிய வேண்டிய உருவம் நேர்ப்படம் போல் உயிர்ப்போடு துலங்கியது. உலகம் வியந்தது. பின்னர் எழுந்த வாதத்தில் யார் யார் எந்தப் பக்கம் நின்றனர் தெரியுமா? 1902-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் எழுந்து, இது கிறிஸ்துவின் உருவமே என்று வாதிட்டவர் ஈவ் தெலாஜ். கடவுள் உண்டா என்பதே தெரியாது என்ற கொள்கையுடைய விலங்கியலார் அவர். அதற்கு ஈராண்டு முன்னரே லிரே ஆவணங்களைத் திரட்டி வெளியிட்டு, இது பதினான்காம் நூற்றாண்டின் படைப்பே என எழுதியவர் உலிஸ் ஷெவாலியே. அவர் ஒரு குரு. ஆங்கிலத்தில் அக்கருத்தை எடுத்துரைத்த ஹெர்பெர்ட் தர்ஸ்டன் இயேசு சபைத் துறவி. கத்தோலிக்கக் கலைக்களஞ்சியத்தில் திருச்சீலை பற்றிய கட்டுரையை எழுதியவரும் அவரே. நம்பாதவர் ஏற்றார், குருக்கள் ஐயுற்றனர். ஐயுற்ற அவர்களுள் எவரும் அதனால் திருப்பலி நிறைவேற்றுவதை நிறுத்திவிடவில்லை.

தராசில் வைத்தபோது

1978 அக்டோபரில் அமெரிக்க அறிஞர் குழுவொன்று ஐந்து நாள் இரவும் பகலுமாகத் துணியை ஆராய்ந்தது. இது ஓவியர் கைவேலை அன்று எனவும், உருவம் உண்டான விதம் விளங்கவில்லை எனவும் 1981-இல் அறிவித்தது. ஆனால் அக்குழு சேகரித்த மாதிரிகளை உருப்பெருக்கியில் ஆராய்ந்த வால்டர் மெக்ரோன், செங்காவி, சாதிலிங்கம் ஆகிய வண்ணத் துகள்களைக் கண்டதாகக் கூறி அவர்களிடமிருந்து முரண்பட்டார்.

துணியின் வயதைக் கணிக்கத் திருச்சபையே முன்வந்தது. 1988 ஏப்ரலில் துணியின் ஓரத்திலிருந்து சிறு துண்டு வெட்டப்பட்டு, ஆக்ஸ்ஃபோர்டு, சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வகங்களுக்கு வழங்கப்பட்டது. ஆளி என்னும் நார்ச்செடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரிமம்-14 என்னும் கதிரியக்கக் கரிமத்தை ஏற்கிறது. அறுவடையானபின் அது சீராகக் குறையத் தொடங்கி, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் செடி அறுக்கப்பட்ட காலம் தெரியும். மூன்று ஆய்வகங்களும் அளந்து சொன்ன காலம் 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது. லிரேயில் துணி தோன்றிய காலத்தோடு அது பொருந்தியது. 1988 அக்டோபர் 13 அன்று இதனை உலகுக்கு அறிவித்தவர் தூரின் பேராயர் கர்தினால் அனஸ்தாசியோ பலெஸ்த்ரெரோ. முடிவு தமக்கு உவப்பாய் இராது என்று அவர் அதை மறைக்கவில்லை. குருமடத்தில் நான் பயின்ற நாள்களில் அது சூடு ஆறாத செய்தி.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையன்று. வெட்டப்பட்ட ஓரம் பிற்காலத்தில் ஒட்டுநெசவு செய்யப்பட்ட பகுதி என்று 2005-இல் வேதியியலார் ரேமண்ட் ரோஜர்ஸ் எழுதினார். ஆனால் 2002-இல் துணியைச் செப்பனிட்டு, பின்புறத் துணியையும் நீக்கி நேரில் கண்ட நெசவு வல்லுநர் மெக்தில்ட் ஃப்ளூரி-லெம்பெர்க், அப்படி ஒட்டுநெசவு எதுவும் இல்லை என்றார். மூன்று ஆய்வகங்களின் மூல எண்களைப் பெற்று ஆராய்ந்தவர்கள், அவை தம்முள் முழுமையாக ஒத்துப்போகவில்லை, மறுசோதனை தேவை என்று 2019-இல் எழுதினர். நல்ல கோரிக்கை, நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் எண்களிடையே சிறு முரண் இருக்கிறது என்பது வேறு. துணி முதல் நூற்றாண்டினது என்பது வேறு. புகையும் அழுக்கும் முடிவைப் பிறழச் செய்தன என்பாரும் உளர். முதல் நூற்றாண்டுத் துணியைப் பதினான்காம் நூற்றாண்டினதாகக் காட்ட வேண்டுமாயின், சோதித்த கரிமத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் காலத்து அழுக்காய் இருந்திருக்க வேண்டும். துணியைவிட அழுக்கு மிகுதி என்றாகும்.

அண்மையில் கைப்பேசிகளில் வலம்வந்த செய்தி ஒன்று: எக்ஸ் கதிர்ச் சோதனையால் துணிக்கு ஈராயிரம் ஆண்டு வயது என்று "உறுதியாகிவிட்டது" என்பது. 2022-இல் வெளிவந்த அந்த ஆய்வில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வருமுன் பதின்மூன்று நூற்றாண்டுகள் துணி ஏறக்குறைய 20 முதல் 22.5 பாகை வெப்பத்திலும், 55 முதல் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் காக்கப்பட்டிருந்தால் அந்த வயது பொருந்தும். எங்கே இருந்தது என்றே தெரியாத துணிக்கு வெப்பக் கணக்கை எவர் தருவார்? நமக்கு வந்த துண்டுச் செய்தியில் அந்த "இருந்தால்" மட்டும் காணாமல் போயிருந்தது.

விளங்காதது எல்லாம் அற்புதமாகுமா?

"சரி, உருவம் எப்படி உண்டாயிற்று என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்பது அடுத்த அறைகூவல். இன்றுவரை எல்லாரும் ஏற்கும் விளக்கம் இல்லை என்பது உண்மை. அதனால் என்ன? விளக்கம் கிடைக்காத ஒன்று, விளக்கம் கிடைக்காத ஒன்றே. அந்த இடைவெளியில் உயிர்ப்பைக் கொண்டுபோய்ச் செருகுவது இறையியல் அன்று. நாளை ஓர் ஆய்வாளர் அதற்கு விளக்கம் கண்டுவிட்டால், அன்று உயிர்ப்பு என்னாகும்? மனித அறிவின் ஓட்டையை அடைக்க இறைவனைப் பயன்படுத்துவோர், அறிவு வளர வளர இறைவனைச் சுருக்கிக்கொண்டே வர நேரும்.

மேலும், உயிர்ப்பின் கணத்தில் எவ்வகை ஒளி எழுந்தது, அது ஆளி நாரை எவ்வாறு தாக்கும் என்பதை எவர் அளந்தார்? ஒருமுறை மட்டும் நிகழ்ந்த, படைப்பின் எல்லையைக் கடந்த செயலுக்கு ஆய்வகத்தில் ஒப்பீடு கிடையாது. உயிர்ப்பை "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று சொல்பவர், அறிவியலையும் அறியார், உயிர்ப்பையும் அறியார்.

எளியோரின் பக்தியைக் கெடுக்கலாமா?

இவ்வளவும் படித்தவர்களுக்குச் சரி, எளிய மக்களின் பக்தியை ஏன் குலைக்க வேண்டும் என்று என் நண்பரான குரு ஒருவர் கேட்டார். இக்கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆயினும் அந்த அன்பு மக்களைக் குழந்தைகளாகவே வைத்திருக்க விரும்புகிறது. திருச்சபையின் மரபு அப்படிப்பட்டதன்று. மறைசாட்சிகளின் எலும்புகள் என்று சொல்லி விற்றுத்திரிந்த போலித் துறவிகளை, அவை மறைசாட்சிகளுடையவைதாமா என்று ஐயுற்றுக் கடிந்தார் புனித அகுஸ்தீன். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், திருப்பண்டங்களை விற்பதைத் தடை செய்ததோடு, ஆலயத்துக்கு வரும் மக்கள் கட்டுக்கதைகளாலும் போலி ஆவணங்களாலும் ஏமாற்றப்படாதவாறு பார்த்துக்கொள்ளுமாறு ஆயர்களைப் பணித்தது. ஆயரின் ஒப்புதலின்றிப் புதிய திருப்பண்டங்களை ஏற்கலாகாது என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது. எளிய மக்களை ஏமாற்றிலிருந்து காப்பது ஆயனின் கடமை என்பதே இவற்றின் சாரம்.

உண்மையைச் சொன்னால் பக்தி அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் காதுவேன் ஆலயத்தின் வரலாற்றை அறிய வேண்டும். பிரான்சின் தென்மேற்கிலுள்ள அத்துறவு மடத்தில், ஆண்டவரின் தலையைச் சுற்றிய துணி என ஒன்று பல நூற்றாண்டுகள் வணங்கப்பட்டது. அரசர்களும் அதன் முன் முழந்தாளிட்டனர். அதன் கரையில் அழகிய பின்னல் வேலை ஒன்று இருந்தது. அது வெறும் பூவேலை அன்று, அரபு எழுத்து என்பது 1930-களில் இயேசு சபைக் குரு ஒருவர் மேற்கொண்ட ஆய்வால் வெளிப்பட்டது. எழுத்தைப் படித்தபோது, அது பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் ஆண்ட கலீபாவின் பெயரைத் தாங்கிய இசுலாமிய வேண்டுதல் வாசகம் எனத் தெரிந்தது. ஆயர் என்ன செய்தார்? அத்துணிக்கான திருப்பயணத்தை நிறுத்தினார். அதனால் அந்த மறைமாவட்டத்தில் கிறிஸ்து இல்லாமல் போய்விடவில்லை. பல நூற்றாண்டுகள் அத்துணியின் முன் சிந்திய கண்ணீரும் வீணாகவில்லை. இறைவன் கண்ணீரைத்தான் பார்க்கிறார், நெசவை அல்ல.

அதே கண்ணோட்டத்தில்தான் தூரின் திருச்சீலையையும் நான் காண்கிறேன். அப்படத்தின் முன் அழுத என் பங்கு மக்களை நான் எள்ளி நகையாடவில்லை. கசையடியும் முள்முடியும் விலாவின் குத்தும் கண்முன் நிற்கையில், பாடுகளை நினைந்து உருகுவது நல்லதே. தூரினுக்கு 1998-இல் சென்ற திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொன்னதும் அதுதான். இது விசுவாசக் கோட்பாடு பற்றியதன்று எனவும், ஆய்வுக் கேள்விகளில் தீர்ப்புச் சொல்லத் திருச்சபைக்குத் தனித் தகுதி இல்லை எனவும் தெளிவாக்கி, ஆய்வை அறிவியலாரிடம் விட்டார். துணியை நற்செய்தியின் கண்ணாடி என்று போற்றினார். அவருக்குப் பின்வந்த 16-ஆம் பெனடிக்டும் பிரான்சிசும் அதைத் திருவோவியம் என்ற பொருளிலேயே பேசினர். திருச்சீலை 1983 முதல் திருத்தந்தையரின் உடைமை. தம் உடைமையைக் குறித்தே அவர்கள் இவ்வளவு நிதானத்தோடு பேசுகையில், நம் ஊர் மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்தவருக்கு எங்கிருந்து வந்தது அந்த உறுதி?

நற்செய்தி காட்டும் சான்று

நற்செய்திகளில் சவத்துணி பேசப்படுகிறது. அரிமத்தியா ஊர் யோசேப்பு மெல்லிய துணி வாங்கி உடலைப் பொதிந்தார் என்கிறார் மாற்கு. கல்லறைக்குள் நுழைந்த பேதுரு, துணிகள் கிடப்பதையும், தலையை மூடியிருந்த துணி தனியே சுருட்டி வைக்கப்பட்டிருப்பதையும் கண்டார் என்கிறது யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரம். அத்துணிகளில் உருவம் இருந்ததாக எவரும் சொல்லவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டுபோய் ஊர் முழுதும் காட்டினார்கள் என்றும் சொல்லவில்லை. கொரிந்தியருக்கு உயிர்ப்பின் சான்றுகளைப் பட்டியலிட்ட பவுல், கேபாவையும் பன்னிருவரையும் ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர்களையும் யாக்கோபையும் இறுதியில் தம்மையும் குறிப்பிடுகிறார். அவர் பட்டியலில் மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். உயிர்த்தவரைக் கண்டு, வாழ்க்கை மாறி, அதற்காக இரத்தம் சிந்தியவர்கள் அவர்கள். திருச்சபை எழுந்தது அந்தச் சாட்சியத்தின்மீது.

அவர்களுள் ஒருவரான தோமையாரை இந்த மண்ணின் திருத்தூதராக, மயிலையில் மறைசாட்சியாய் மரித்தவராகப் போற்றும் நாம், அவர் ஐயுற்றவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டபோது ஆண்டவர் அவரைத் திருத்தூதர் கூட்டத்திலிருந்து விலக்கிவிடவில்லை. எட்டு நாள் கழித்து அவருக்காகவே வந்து நின்றார். கேள்வி கேட்ட அந்த மாணவனிடம் நான் எரிச்சல் கொள்ளாததற்காக மட்டும் இன்று இறைவனுக்கு நன்றி கூறுகிறேன்.

அவன் மீண்டும் வந்தான். மேலே எழுதியதையெல்லாம் ஒரு மாலைப் பொழுது முழுதும் அவனிடம் சொன்னேன். நான் செய்த தவற்றையும் சொன்னேன். "இதை அன்றே சொல்லியிருக்கலாமே, ஃபாதர்" என்றான். ஞாயிறு திருப்பலிக்கு இப்போது வருகிறானா என்று கேட்பீர்கள். சில வேளை வருகிறான், பின்வரிசையில் அமர்கிறான். ஒரு தவக்கால இரவில் நாங்கள் சம்பாதித்த கைதட்டலுக்கு அவன் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை அது.

எனவே உடன் குருக்களையும், தியானக் குழுக்களையும், மறைக்கல்வி ஆசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறேன். திருச்சீலையின் படத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். பாடுகளை நினைந்து மன்றாட மக்களை அழையுங்கள். ஆனால் 1390-இல் இடப்பட்ட அந்தப் பழைய கட்டளையின் கருத்தை இன்றும் கடைப்பிடியுங்கள். கூட்டம் மிகுந்திருக்கும் வேளையில், பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: கரிமச் சோதனை இத்துணியை இடைக்காலத்தது எனக் காட்டியது, அதை மறுப்போரும் உளர், திருச்சபை இதனை விசுவாசப் பொருளாக ஆக்கவில்லை, உயிர்த்த ஆண்டவரை நாம் ஏற்பது இத்துணியால் அன்று. இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

பொதுநிலையினரான வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்று எங்கள் மறையுரையில் கேட்டால், திருப்பலி முடிந்ததும் சக்கிரீஸ்துக்கு வந்து, "எங்கே, எப்போது, யார் நிரூபித்தார்கள், சாமி?" என்று கேளுங்கள். எங்களுக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.